சுவரோரத்துத் தண்ணீர்

திரவங்களின் இயக்கம் என்ற தாளை நடத்திய பேராசிரியர் முதல் வகுப்பிலேயே ஒரு தடை விதித்தார். இலையின் பின்னால் ஓடாதீர்கள் என்றார். ஆற்றில் ஓர் இலை மிதந்து போகிறது. இப்போது எங்கே போனது, அப்புறம் எங்கே போனது என்று அதன் பின்னாலேயே ஓடினால் கணக்கு உருப்படாது. கரையில் ஓர் இடத்தில் நில்லுங்கள். எதிரே ஒரு புள்ளியைப் பாருங்கள். இந்த நேரத்தில் அந்தப் புள்ளியைக் கடக்கிற தண்ணீரின் வேகத்தை மூன்றாகப் பிரியுங்கள். நீளவாக்கில் யு, குறுக்குவாக்கில் வி, மேலும் கீழுமாக டபிள்யூ. எல்லா இடத்துக்கும் எல்லா நேரத்துக்கும் இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் தண்ணீரிடம் கேட்க வேறொன்றும் இல்லை என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. பொதுவாகவே எனக்கு அது சீக்கிரம் வரும். எனக்கு வேண்டியிருந்ததே அந்த இலைதான். இலை என்றால் இலை இல்லை. ஒரு மூங்கில் கூடை. முந்தைய சித்திரையில் என் மதினி மாஹிம் கழியில் விட்டு, விட்ட வேகத்தில் அவள் காலடிக்கே திரும்பி வந்த முளைப்பாரிக் கூடை.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் தாராவியில் இருந்தோம். அப்பா மாதுங்கா ரயில் பணிமனையில் ஃபிட்டர். அண்ணனுக்குச் செம்பூரில் ஷிஃப்ட் வேலை. நான் மாதுங்காவில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். வரன் அமையும்வரை படிக்கட்டும் என்று அப்பா விட்டிருந்தார். வரன் அமையாமல் இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரே வட்டாரத்துக்காரர்கள். ரயிலேறியபோது அம்மனையும் கையோடு கூட்டி வந்துவிட்டார்கள். தகரக்கூரை போட்ட சின்னக் கோயில், சித்திரைப் பௌர்ணமிக்குக் கொடைத் திருவிழா. அதற்கு முன்னால் பெண்கள் கூடைகளில் வைக்கோலும் எருவும் பரப்பி நவதானியம் விதைத்து, இருட்டறையில் வைத்து வளர்ப்பார்கள். கொடையன்று வெளிறிய மஞ்சள் பயிரோடு கூடையைத் தலையில் சுமந்து கழிக்கரைக்குப் போய், படித்துறையில் வரிசையாக நின்று தண்ணீரில் விடுவார்கள். விரதமிருந்து வளர்த்தவள் கைதான் விட வேண்டும். இன்னொருத்தி தொடக் கூடாது.

அந்த வரிசைக்கு ஒரு சட்டம் இருந்தது. கடல் பக்கத்து முனையில் கோயில் தலைவர் வீட்டம்மா. அவளுக்கு அடுத்து மூத்தவர்கள், அப்புறம் நடுவயதுக்காரர்கள். எதிர்முனையில், கழிக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பழைய கற்சுவரை ஒட்டிய மூலையில், அந்தத் தெருவுக்குக் கடைசியாக வாழ்க்கைப்பட்டு வந்தவள். மூலையில் எப்போதும் சேறும் குப்பையும் கிடக்கும். புதுப்பெண் அங்கேதான் நிற்க வேண்டும்.

சகுனமும் ஒன்று இருந்தது. கூடை கடலைப் பார்த்துப் போனால் அம்மன் ஏற்றுக்கொண்டாள். திரும்பி வந்தால் வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். விட்டவளுக்கு வயிறு நிலைக்காது.

போன வருஷம் முப்பதுக்குக் குறையாத கூடைகளில் மதினியுடையது ஒன்றுதான் திரும்பியது. புரட்டாசியில் அவளுக்குக் கரு கலைந்தது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்த தெருவுக்கு அவல் கிடைத்துவிட்டது. அம்மா வெளியே யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டாள். மதினி சிரித்த முகக்காரி, வாய்த்துடுக்கு அதிகம். அந்தப் புரட்டாசிக்குப் பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசப் பழகிவிட்டாள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

இந்தப் பங்குனியில் அவளுக்கு மறுபடியும் தள்ளிப்போயிருந்தது. வீட்டுக்குள் மட்டும் தெரிந்த விஷயம். ஒரு நாள் அண்ணன் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அம்மா அவனுடைய டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்.

"இந்தத் தடவையும் கூடை திரும்பி வந்துட்டுன்னா, இவள ஊருல கொண்டு விட்டுட்டு வந்துரு. கொஞ்ச நாளு அங்கன இருக்கட்டும்."

"கொஞ்ச நாளுன்னா எம்புட்டு?" என்று அண்ணன் கேட்டான்.

அம்மா டப்பாவை நீட்டினாள். பதில் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஊரில் அத்தைக்கு ஒரு மகள் இருந்தாள். அவளை அண்ணன் கட்டவில்லை என்று அத்தைக்கு இன்னும் ஆறவில்லை. மதினிக்கு முன்னால் அந்த மூலையில் நின்ற பெண்ணின் கூடையும் திரும்பி வந்ததுதான். அவள் 'கொஞ்ச நாள்' என்று உல்லாஸ்நகரில் அக்கா வீட்டுக்குப் போனவள், திரும்பி வரவே இல்லை. அண்ணன் நல்லவன். ஆனால் அம்மா முன்னால் அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"இந்த வருசம் நீ பாரி போடாத மதினி. ஏதாவது சாக்கு சொல்லிரு" என்றேன்.

"போடாட்டி, பயந்துட்டா, அதான் ஒதுங்கிட்டாம்பாவ. அதுக்கு வந்து தொலையுததே மேலு" என்றாள்.

இந்த நிலைமையில்தான் பேராசிரியர் என்னை இலையின் பின்னால் போகாதே என்றார். எரிச்சலோடுதான் குறிப்பெடுத்தேன். ஆனால் அடுத்த வாரம் அவர் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதி இரண்டாகப் பிரித்துக் காட்டினார். தண்ணீரோடு போகிற ஒரு துகளின் வேகம் ஏன் மாறுகிறது? ஒன்று, நின்ற இடத்திலேயே நேரம் மாறுவதால். இன்னொன்று, நேரம் மாறாவிட்டாலும் துகள் வேறு வேகமுள்ள இடத்துக்கு நகர்ந்துவிடுவதால். இரண்டையும் கூட்டினால்தான் முடுக்கம். எனக்குக் கையில் பேனா நின்றுவிட்டது. கூடை திரும்பியதற்கு மதினியின் வயிறு காரணமில்லை என்றால், நேரம் காரணமாக இருக்க வேண்டும், அல்லது இடம் காரணமாக இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் விட்ட மற்ற கூடைகள் எல்லாம் போயினவே. அப்படியென்றால் இடம்.

வகுப்பு முடிந்ததும் அவரிடம் ஓடினேன். கூடை, கொடை எதையும் சொல்லாமல், ஓடும் நீரில் ஒரு சுவர் நீட்டிக்கொண்டிருந்தால் சுவருக்குப் பின்னால் தண்ணீர் என்ன செய்யும் என்று கேட்டேன். மாதுங்காவில் தலைமுறையாக இருக்கிற குடும்பம் அவருடையது. வகுப்புக்கு வெளியே தமிழில் பேசுவார்.

"உன் புஸ்தகப்படி சுவரை ஒட்டிண்டு வழுக்கிண்டு போய்ச் சேர்ந்துடும். சுவருக்குள்ள தண்ணி போகாது, அவ்வளவுதான் நிபந்தனை."

"நிஜத்தில சார்?"

"நிஜத்தில முனை தாண்டினதும் பிச்சுண்டு சுழிக்கும். அதுக்குத் தண்ணியோட பிசுபிசுப்பை, பாகுநிலையை, கணக்குல சேர்க்கணும். உன் போர்ஷன்ல அது கிடையாது. பரீட்சை வர்றதும்மா, போர்ஷனைப் படி" என்று கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

பாகுநிலை இல்லாத தண்ணீர் பரீட்சைக்கு. பாகுநிலை உள்ள தண்ணீர் மாஹிமில் ஓடியது. எனக்கு இரண்டும் தேவையாக இருந்தது.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கோலிப் பெண்ணிடம் ஏற்ற வற்ற நேரத்தைக் கேட்டேன். அமாவாசையானாலும் பௌர்ணமியானாலும் ஒன்றுதான், உச்சிப் பொழுதுக்குக் கழி நிறைந்து நிற்கும், அப்புறம் கடலுக்கு இறங்கும், சூரியன் சாயும்போது வற்றிவிடும், பிறகு மறுபடி ஏறும் என்றாள். கொடை ஊர்வலம் மாலை ஐந்து மணிக்கு. அப்போது தண்ணீர் கடலை நோக்கி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே அமாவாசையன்று மாலை அதே நேரத்துக்கு, கச்ரா கொட்டப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, நானும் மதினியும் படித்துறைக்குப் போனோம். வாளியில் குப்பைக்கு அடியில் தேங்காய்ச் சிரட்டைகள். அடியில் மணல் போட்டு, தண்ணீரில் அமர்ந்து போகும்படி செய்து வைத்திருந்தேன்.

தோல் பதனிடும் கொட்டடிகளிலிருந்து வரும் சாக்கடை நாலா படித்துறைக்குச் சற்று மேலேதான் கழியில் விழுந்தது. தண்ணீர் நீலமும் பச்சையுமாக, மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய வாடையோடு ஓடியது. முதல் சிரட்டையைத் தலைவர் வீட்டம்மாவின் இடத்தில் விட்டேன். நேராகக் கடலைப் பார்த்துப் போனது. அம்மா நிற்கிற இடம் வரிசையில் நாலாவது. அங்கே விட்டதும் போனது, கொஞ்சம் மெதுவாக. நடுப்படியில் விட்டது யோசித்து யோசித்துப் போனது.

பிறகு மூலை. மதினி குனிந்து விட்டாள். சிரட்டை அசையாமல் நின்றது. பைய சுவரை நோக்கி நகர்ந்தது. சுவரை ஒட்டி வெளியே போவதுபோல் போய், வளைந்து, படியைப் பார்த்துத் திரும்பி, அவள் காலடியில் வந்து முட்டியது. இன்னொன்று விட்டாள். அதுவும் வந்தது. இன்னொன்று. அதுவும்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அப்போ நான் இல்லையா? இந்த மூலையா?"

"மூலைதான் மதினி. மேலேருந்து வார தண்ணிய சுவரு மறிக்கி. மறிச்ச தண்ணி முனையத் தாண்டுனதும் சுத்திக்கிட்டு இங்கன வருது. இந்த இடத்துல யாரு விட்டாலும் திரும்பித்தான் வரும்."

"எனக்கு முந்தி நின்னவளுக்கும் இதான?"

"அவளுக்கும் இதான்."

அவள் படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். மிச்சமிருந்த சிரட்டையைச் சுவரில் வீசி உடைத்தேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே மருமகள் ஒன்றையுமே உடைக்கவில்லை. உடைகிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள்.

மறுநாள் அம்மா மோரியில் பாத்திரம் கழுவும்போது, ஈரத்தரையில் விரலால் சுவரையும் படியையும் வரைந்து காட்டினேன். நீளவாக்கு வேகம், குறுக்குவாக்கு வேகம் எல்லாம் சொன்னேன். அம்மா கையை நிறுத்தாமல் கேட்டாள், முழுசாகவும் கேட்டாள்.

"அதுக்கு இப்போ என்னட்டி செய்யணும்னு சொல்லுத?"

"மதினிய வேற இடத்துல நிறுத்தணும்."

"தலைவர் வீட்டம்மாட்ட போயி, என் மருமவளுக்குத் தள்ளி நின்னு இடம் குடுன்னு கேக்கச் சொல்லுதியா?"

"உன் இடத்தக் குடு."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்த நாலாம் இடத்துக்கு வர எனக்கு எத்தன வருசம் ஆச்சு தெரியுமா? நானும் அந்த மூலையில நின்னவதான். ஏட்டுச் சொரக்காயத் தூக்கிட்டு வந்துட்டா, கறி வைக்க."

"நீ மூலையில நின்ன வருசம் ஒன் கூடை திரும்பி வரலியா?"

அம்மா ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துத் தரையில் ஊற்றினாள். சுவரும் படியும் மோரித் துளை வழியாக ஓடிப் போயின.

எஞ்சியது ஒரே வழி. அடுத்த சில மாலைகளில், அன்றன்றைக்கு வற்றும் நேரம் பார்த்து, நாங்கள் மறுபடி கச்ரா கொட்டப் போனோம். தெருவே எங்கள் சுத்தத்தைப் பார்த்து வியந்திருக்கும். மூலையில் எந்தக் கோட்டுக்கு உள்ளே விட்டால் திரும்புகிறது, எந்தக் கோட்டுக்கு வெளியே விட்டால் கடலுக்குப் போகிறது என்று சிரட்டை சிரட்டையாகத் தேடினோம். கிடைத்தது. மூலையிலேயே நின்றுகொண்டு, தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் ஒரு கல்லில் இறங்கி, கையை எட்டி நீட்டி விட்டால் அந்தக் கோட்டைத் தாண்டலாம். வரிசையும் கலையாது, யாருக்கும் தெரியவும் தெரியாது. கல் வழுக்கும். மதினி இறங்கிப் பழகினாள். நான் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வயிற்றில் பிள்ளையோடு அவள் அந்தக் கல்லில் கால் வைக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது.

"பயப்படாதட்டி. ஒன் கணக்கு சரியா இருந்தா நான் விழ மாட்டேன்" என்பாள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.

கொடையும் வந்தது. கூடைகள் பூச்சூடிக் கோயில் முன்னால் இருந்தன. ஐந்து மணி ஆயிற்று, மேளம் வரவில்லை. நையாண்டி மேளக்காரர்கள் உல்லாஸ்நகரில் இருந்தார்கள். கல்யாணுக்கு இந்தப் பக்கம் எங்கேயோ ரயில் நின்றுவிட்டது என்று அந்த வழியாக வந்த ஒருவர் சொன்னார். எல்லோரும் விசிறிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை. கழிக்கரைக்கு ஓடினேன். தண்ணீர் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் வேகம் குறைந்திருந்தது. திரும்பி ஓடிவந்து அம்மாவின் காதில், "இப்பமே கெளம்பச் சொல்லும்மா" என்றேன்.

"மேளமில்லாம எப்படிட்டி அம்மன் கெளம்புவா?"

மறுபடி ஓடினேன். கரையோரக் கற்களில் ஈரக்கோடு நன்றாகக் கீழே போயிருந்தது. நடுக்கழியில் மட்டும் ஓட்டம் தெரிந்தது. திரும்பி வந்தபோது மேளக்காரர்கள் வியர்வையோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பாடா என்று எல்லோரும் எழுந்தார்கள். ஊர்வலம் ஒவ்வொரு முக்கிலும் நின்றது. ஒவ்வொரு முக்கிலும் குலவை, கும்மி, ஆட்டம். சூரியன் கழிக்கு மேலே சிவந்து தொங்கியது.

நடந்துகொண்டே கணக்குப் போட்டேன். தண்ணீர் திரும்பினால் கடலிலிருந்து உள்ளே வரும். படிகளை ஒட்டி வரும். வந்து எதில் முட்டும்? சுவரில். சுவருக்குள் நீர் புகாது. போகும் தண்ணீருக்குச் சுவர் மறைவாக இருந்தது. வரும் தண்ணீருக்கு அதுவே அணை. அப்படியென்றால் மதினியின் கூடை மட்டும் இல்லை. படிநெடுக விட்ட ஒவ்வொரு கூடையும் அந்த மூலைக்குத்தான் வரும். கூட்டத்தில் நுழைந்து மதினி பக்கத்தில் போனேன்.

"மதினி, மயக்கம் வருதுன்னு உக்காந்துரு. இன்னைக்கு விடாத."

"மயக்கம்னா ஏன்னு கேப்பாவ. என்ன ஆச்சு?"

"நேரம் தப்பிட்டு."

தலையில் கூடையோடு அவளால் என்னைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. "இனிமே எங்க போறது?" என்றாள், நேராகப் பார்த்துக்கொண்டே.

படித்துறையில் வரிசை நின்றது. தலைவர் வீட்டம்மா கடல் முனையில், அம்மா நாலாவது, மதினி சுவரோரம். தண்ணீர் அசையாமல் நின்றிருந்தது. ஒரு வைக்கோல் துண்டுகூட நகரவில்லை. "பாத்தியளா, அம்மனுக்காகக் கழியே அடங்கி நிக்கி" என்று ஒருத்தி கும்பிட்டாள். வேகம் பூஜ்யம் என்றால் ஓய்வு என்று எல்லோரும் நினைப்பார்கள். இயக்கச் சமன்பாடு அப்படிச் சொல்லாது. கடல் பக்கம் மட்டம் உயர்ந்துவிட்டால் அழுத்தம் உள்ளே தள்ள ஆரம்பித்துவிடும். வேகம் பூஜ்யமாக இருக்கும் அந்தக் கணத்திலேயே முடுக்கம் இருக்கும். அந்தப் படித்துறையில் அது தெரிந்தவள் நான் ஒருத்தி. தெரிந்து என்ன செய்ய முடிந்தது?

குலவை எழுந்தது. எல்லோரும் அழுக்குத் தண்ணீர் விரலில் படாமல் கூடைகளை மெல்ல வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்கள். மதினி பழகியபடியே வழுக்குக் கல்லில் இறங்கி, எட்டி, கோட்டுக்கு வெளியே வைத்தாள். கூடைகள் மஞ்சள் வரிசையாக நின்றன. மேளம் கொட்டியது.

முதலில் தலைவர் வீட்டம்மாவின் கூடை அசைந்தது. கடலுக்கு அல்ல. படிகளை ஒட்டி, ஒவ்வொருத்தி காலடியாகத் தொட்டுக்கொண்டு, அடுத்த கூடையை இடித்து அதையும் கூட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து வந்தது. அம்மாவின் கூடை அதோடு சேர்ந்தது. நடுப்படிக் கூடைகள் சேர்ந்தன. குலவை ஒவ்வொரு வாயாக நின்றது. மேளமும் நின்றது. முப்பது கூடைகளும் மூலைக்கு வந்து, மதினியின் முழங்காலைச் சுற்றி முட்டி மோதி நின்றன. அவளுடையதும் சுவரில் ஒட்டிக்கொண்டு அவற்றோடு கிடந்தது.

"ஆத்தா, என்ன கொறை வச்சோம்?" என்று யாரோ அழுதார்கள். இன்னொரு குரல், "எங்க போயி அடையிதுன்னு பாருங்கட்டி. அவ நிக்க எடத்துக்குல்லா" என்றது. "போன வருசம் அவளோட போச்சு. இந்த வருசம் ஊரையே இழுத்துட்டா."

"தண்ணி திரும்பிட்டு! கடலு ஏறுது! யாரு விட்டாலும் இப்படித்தான் வரும்!" என்று நான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தரும் திரும்பவில்லை. எல்லாக் கண்ணும் மதினி மேல்.

மதினி சுற்றிலும் கிடந்த கூடைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். எங்கிருந்துதான் வந்ததோ, அவளுடைய பழைய குரல் அன்றைக்குத் திரும்பி வந்தது.

"எல்லாரும் எங்கிட்டத்தான வந்திருக்காவ? நானே வழியனுப்பி வைக்கேன்."

தன் கூடையை இழுத்தாள். முழங்கை வரை அந்த நீலப்பச்சைத் தண்ணீரில் விட்டு அதை முக்கினாள். எரு ஊறியது. கவிழ்த்தாள். பயிர் பிரிந்து மூழ்கியது. வெறுங்கூடையைப் படியில் எறிந்துவிட்டு அடுத்ததன் மேல் கையை நீட்டினாள். அது தலைவர் வீட்டம்மாவுடையது.

"தொடாதட்டி!" என்று கடல் முனையிலிருந்து கத்தல் வந்தது. "நான் விரதமிருந்து வளத்த பாரி. ஒங் கை படப்பிடாது!"

மதினியின் கை அந்தரத்தில் நின்றது. அப்போது அம்மா தன் இடத்தை விட்டு நகர்ந்தாள். வரிசைக்கு முன்னால், தண்ணீருக்குள்ளேயே, புடவை நனைய நனைய ஒவ்வொருத்தியாகத் தாண்டி வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்து நானும் தண்ணீருக்குள் இறங்கினேன். அம்மா மூலைக்கு வந்து, குவியலில் துழாவித் தன் கூடையை எடுத்து மதினியின் கையில் வைத்தாள்.

"மொதல்ல என்னத முக்கு."

மதினி முக்கினாள். அம்மா நிமிர்ந்து வரிசையைப் பார்த்தாள். அவள் அவ்வளவு உரக்கப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"ஊருல கொளத்துல என்ன செஞ்சோம்? முங்கி, முக்கி, கவுத்துத்தான விட்டோம்? இங்கன சாக்கடத் தண்ணில கைய வைக்க அருவருத்துக்கிட்டு மெதக்க விட்டோம். மெதக்கது நாலு பக்கமும்தான் போவும். இதுல என்ன சகுனம் வேண்டிக் கெடக்கு? கை நனைய மனசிருக்கவ வந்து அவஅவ பாரிய முக்குங்க. இல்லாட்டி என் மருமவ முக்குவா."

பிறகு ஒருத்தி இறங்கினாள். இன்னொருத்தி. தலைவர் வீட்டம்மா கடைசியாக, மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தாள். அந்தச் சேற்று மூலையில் முப்பது பெண்கள் இடித்துக்கொண்டு நின்று முக்கினார்கள். மேளக்காரர் யோசித்துவிட்டு மறுபடி கொட்ட ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வெந்நீர் போட்டாள். "கையக் காட்டு" என்று மதினியின் கைகளை இழுத்து, புளி போட்டு முழங்கை வரை தேய்த்துவிட்டாள். தேய்த்த வேகத்தில் மதினி, "வலிக்கி அத்தை" என்றாள். ஊருக்குக் கொண்டு விடுகிற பேச்சு அதற்குப் பிறகு எடுக்கப்படவில்லை. கார்த்திகையில் அண்ணனுக்கு மகள் பிறந்தாள். பரீட்சையில் சுவரோரத்து நீரைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. பாகுநிலை இல்லாத தண்ணீருக்கு உரிய பதிலையே எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன்.

அடுத்த சித்திரையில் தெருவுக்குப் புதிதாக ஒரு பெண் வாழ்க்கைப்பட்டு வந்திருந்தாள். அவள் தயங்கித் தயங்கி மூலைக்குப் போனபோது அங்கே அம்மா நின்றுகொண்டிருந்தாள். முட்டி வலி, அந்தப் பக்கம் படியிறங்க முடியவில்லை என்று சொல்லி, அவளைத் தன் நாலாம் இடத்துக்கு அனுப்பிவிட்டாள். மூலையில்தான் படி அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் அம்மாவிடம் மறுபடி கேட்டேன். "நீ மொத மொதல்ல மூலையில நின்ன வருசம், ஒன் கூடை திரும்பி வந்துச்சாம்மா?"

அம்மா முன்னால் போகிறவர்கள் கேட்காத தூரத்துக்குப் போகட்டும் என்று காத்திருந்தாள்.

"வந்துச்சு. எம் மாமியா, ஒங்க ஆச்சி, அங்கிட்டுத் திரும்பி நின்னா. கூடையக் கால வச்சு அமுக்கி, மேல ஏறி நின்னுக்கிட்டேன்."